விலை நேரில்

காலையில் உலவப் போகிறவன் கண்ணை மூடிக்கொண்டு போக முடியாது. அதிலும் எழுத்தையே பிழைப்பாகக் கொண்டவன் சுவரில் எழுதியிருப்பதையும் விடமாட்டான். மரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்ட தகரத்தையும் விடமாட்டான். ரெட்டியார்பாளையத்திலிருந்து விழுப்புரம் சாலையோரமாக மூலக்குளம் வரையில் போய்த் திரும்புவது என் வழக்கம். அந்தச் சாலையிலும் அதிலிருந்து பிரியும் தெருக்களிலும் நான் படித்த பலகைகளை எல்லாம் தொகுத்தால் ஒரு சிறு புத்தகம் ஆகும். அந்தப் புத்தகத்தில் எல்லா அத்தியாயங்களும் ஒரே மாதிரிதான் முடியும்: 'விலை நேரில்.'

'மனை விற்பனைக்கு. 30க்கு 40. கிழக்குப் பார்த்தது. நல்ல தண்ணீர். பத்திரம் சுத்தம். விலை நேரில்.' நாம் கேட்காத செய்திகளை எல்லாம் பலகை தானாகவே சொல்கிறது. சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்பதுகூட அதில் இருக்கிறது. வாங்க நினைக்கிறவன் முதலில் தெரிந்துகொள்ள விரும்பும் ஒரே ஒரு செய்திதான் இல்லை. கலியாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பாட்டனார் பெயர் வரையில் அச்சிட்டுவிட்டு, முகூர்த்த நாளை மட்டும் 'நேரில்' என்று போட்டால் எப்படி இருக்கும்? நாம் சிரிக்கமாட்டோமா? ஆனால் இந்தப் பலகைகளைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. நானும் சிரித்ததில்லை. எல்லோரும் செய்வதில் வேடிக்கை எதுவும் கண்ணில் படாது அல்லவா?

என்னை நின்று யோசிக்க வைத்தவர் என் பள்ளித் தோழர் ஒருவர். வீராம்பட்டினத்துக்காரர். கடலிலேயே வாழ்ந்தவர். சென்ற ஆண்டு ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, முழங்காலை இரண்டு கைகளாலும் தடவிக்கொண்டே, "உனக்கு எழுதறதுதானே வேலை? போட்டை விக்கப் போறேன். நாலு வரி எழுதிக் குடு. பையன் போன்ல போட்டுவுடுவான்" என்றார்.

படகை விற்கப் போவதாக ஒரு மீனவர் சொல்லும்போது அதற்கு மேல் எதுவும் கேட்கக்கூடாது. முழங்கால் ஒரு காரணம். மகளின் கலியாணக் கடன் இன்னொரு காரணம். மகன் கடலுக்குப் போக விரும்பாதது மூன்றாவது. மூன்றையும் நான் அறிவேன். ஆகவே காகிதத்தை எடுத்து எழுதினேன். நீளம் 30 அடி, ஃபைபர் படகு, 10 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், இரண்டு செட் வலை, பதிவுப் புத்தகம் ஒழுங்காக இருக்கிறது. கடைசி வரியில், அவர் முன்பு பேச்சுவாக்கில் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு, 'விலை மூன்றரை லட்சம்' என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"எல்லாம் நல்லாருக்கு. கடைசி வரியை அடிச்சிடு."

"ஏன்? விலை தப்பா?"

"விலை தப்பில்லை. எழுதறதுதான் தப்பு."

எழுத்தாளன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்று பட்டது. காரணம் கேட்டேன். அவர் மூன்று காரணங்கள் சொன்னார்.

முதலாவது, விலையைப் போட்டால் அதுவே உச்சவரம்பு ஆகிவிடும். மூன்றரை என்று எழுதினால் வருகிறவன் மூன்றிலிருந்துதான் தொடங்குவான். மூன்றரைக்கு மேல் கொடுக்கத் தயாராக வந்தவனும் பணத்தை மடியில் திரும்ப முடிந்துகொள்வான். இரண்டாவது, அவருக்கு முன்பணம் கொடுத்திருக்கிற மீன் வியாபாரி அந்த எண்ணைப் பார்த்தால் அன்றைக்கே வாசலில் வந்து நிற்பார். ஊரும் அந்த எண்ணிலிருந்து அவருடைய கடனைக் கழித்து, மீதி என்ன என்று கணக்குப் பார்க்கும். மூன்றாவதைச் சொல்லுமுன் அவர் சற்றுத் தயங்கினார்.

"கேக்கறவன் யாருன்னு தெரியாம எப்படிப்பா விலை சொல்றது?"

அந்தக் கேள்வியை அவர் மிகவும் இயல்பாகக் கேட்டார். மிகவும் இயல்பாக இருந்ததனால்தான் அது என்னை விட்டுப் போகவில்லை.

நினைத்துப் பாருங்கள். இதே மனிதர் முப்பது ஆண்டுகளாக மீன் விற்றிருக்கிறார். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கூடை இறங்கியதும் ஏலம் தொடங்கும். விலையை ஊர் கேட்கக் கூவுவார்கள். வாங்குகிறவன் யார், எந்த ஊர், வீட்டில் என்ன விசேஷம் என்று யாரும் விசாரிப்பதில்லை. மீனின் விலையைக் கூவி விற்கிறவர்கள் படகின் விலையை ஏன் காதோடு காதாகச் சொல்கிறார்கள்?

மீன் மாலைக்குள் கெட்டுவிடும், காத்திருக்க முடியாது. படகு காத்திருக்கும். மீன் தினந்தோறும் வருவது. இன்று ஏமாந்தால் நாளை சரிக்கட்டலாம். படகை வாழ்நாளில் இரண்டு முறை, மூன்று முறைதான் விற்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கூடை வஞ்சிரத்துக்கு இன்னொரு கூடை வஞ்சிரம் பக்கத்திலேயே இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழைய படகுக்கு ஒப்பு இல்லை. எந்த இடத்தில் பாறையில் உரசியது, எஞ்சின் எந்தக் காற்றில் இருமும் என்பதை எல்லாம் விற்கிறவன் ஒருவனே அறிவான். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970இல் பழைய மோட்டார் கார்களை உதாரணமாக வைத்து இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பொருளின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது என்ற இந்த ஒரு வேற்றுமையே சந்தை முழுவதையும் கெடுத்துவிடக்கூடும் என்று காட்டினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வாங்குகிறவனும் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறான். அது அவனுடைய மடி. படகின் குறையை ஒருவன் அறிவான். பணத்தின் அளவை மற்றவன் அறிவான். முதலில் வாய் திறப்பவன் தோற்பான் என்று இருவருமே நம்புகிறார்கள். ஆகவே இருவரும் மௌனமாக இருக்கிறார்கள். அந்த மௌனத்துக்குத்தான் 'விலை நேரில்' என்று பெயர்.

இது இன்று நேற்று ஏற்பட்ட பழக்கம் அல்ல. எங்கள் விழுப்புரம் சாலையிலேயே இன்னும் மேற்கே போனால் மதகடிப்பட்டு வரும். செவ்வாய்க்கிழமைகளில் மாட்டுச் சந்தை கூடும் ஊர். மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டைக் கையின்மேல் போட்டுக்கொண்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். உதடு அசையாது, விரல் பேசும். பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் பல முறை வந்து போன பிரெஞ்சு வைர வியாபாரி தவெர்னியே இதே காட்சியை வைரச் சுரங்கங்களில் கண்டு, 1676இல் வெளிவந்த தம் பயண நூலில் எழுதி வைத்திருக்கிறார். எதிரெதிராக உட்கார்ந்த இருவர் இடுப்புத் துணியின் மறைவில் கையைப் பற்றுவார்களாம். முழுக் கையைப் பிடித்தால் ஆயிரம்; ஒரு விரல் நூறு; விரலில் நடுக்கணு வரையில் ஐம்பது; நுனியை மட்டும் தொட்டால் பத்து. சுற்றிலும் ஆட்கள் இருக்க, ஒரு சொல்கூட வெளியே கேளாமல் வைரம் கை மாறிவிடும்.

நம் இலக்கணக்காரர்களுக்கும் இந்த மறைவு தெரிந்திருக்கிறது. ஒரு கூட்டத்தார் பிறருக்கு விளங்காமல் தமக்குள் வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்று வகுத்தார்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்று சொல்வது அதற்குப் பள்ளிக்கூடத்து உதாரணம்.

மறைக்கிற மரபு இப்படி இருக்க, சொல்லி விற்கிற மரபும் நமக்கு உண்டு. வீராம்பட்டினத்துக்குப் பக்கத்திலேயே அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது ரோமாபுரி நாட்டிலிருந்து வந்த மண்பாண்டங்கள் கிடைத்தன. அந்தத் துறையில் எப்படி விலை பேசினார்கள் என்று மண் சொல்லவில்லை. ஆனால் இதே கரையில் தெற்கே இருந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றிப் பட்டினப்பாலை சொல்லுகிறது. வாங்கும்போது மிகுதியாக வாங்காமலும், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும், பண்டத்தின் விலையை வெளிப்படச் சொல்லி விற்றவர்கள் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் அவர்களைப் புகழ்கிறார். புலவர்கள் புகழ்ந்தது எல்லாம் நடந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நகரத்தைப் புகழ வேண்டுமானால் எதைச் சொல்லிப் புகழ வேண்டும் என்று அக்காலத்தார் நினைத்தார்கள் பாருங்கள், அதைத்தான் நான் கவனிக்கிறேன்.

மேல்நாட்டில் இந்த எண்ணம் பிற்காலத்தில்தான் வலுப்பெற்றது. இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டில் தோன்றிய க்வேக்கர் என்ற சமயப் பிரிவினர், ஒரு விலை கேட்டுவிட்டு இன்னொரு விலைக்குக் கொடுப்பது பொய் சொல்வதற்குச் சமம் என்று கருதி, தம் கடைகளில் ஒரே விலை வைத்தார்கள். பாரிஸ் நகரில் 1852இல் 'போன் மார்ஷே' கடையில் பங்காளியாகச் சேர்ந்த அரிஸ்தீத் பூசிக்கோ, ஒவ்வொரு துணியிலும் விலைச் சீட்டைத் தொங்கவிட்டு அதைப் பெரிய வியாபார முறையாகவே ஆக்கிவிட்டார். எமில் ஸோலா 1883இல் வெளியிட்ட ஒரு நாவலுக்கு அந்தக் கடையே முன்மாதிரி. நாவலாசிரியர்கள் கடைகளைப் பற்றியும் எழுதலாம் என்பதற்கு அது எனக்குத் துணை.

இன்று நம் நாட்டில் பிஸ்கட் பொட்டலத்திலும் விலை அச்சிட்டிருக்க வேண்டும். 1977இல் அதற்கு விதிகள் வந்தன. இப்போது 2009ஆம் ஆண்டுச் சட்டமும் 2011ஆம் ஆண்டு விதிகளும் நடைமுறையில் உள்ளன. என் நாவல்களின் பின்னட்டையிலும் விலை இருக்கிறது. வாங்கத்தான் ஆள் குறைவு. ஐந்து ரூபாய்ப் பண்டத்துக்கு விலை தெரியாமல் இருந்தால் குற்றம். ஐம்பது லட்ச ரூபாய் மனைக்கு விலை தெரியாமல் இருந்தால் அது சாமர்த்தியம்! தவறினால் ஐந்து ரூபாயோடு போகும் இடத்தில் நமக்குச் சட்டம் காவல் இருக்கிறது. வாழ்நாள் சேமிப்பே போகக்கூடிய இடத்தில் 'நேரில் வாருங்கள்' என்ற அழைப்புத்தான் இருக்கிறது.

இந்த இடத்தில், துண்டுக்குள் மறைக்கிற விலையும் பலகையில் மறைக்கிற விலையும் ஒன்றல்ல என்பதைச் சொல்ல வேண்டும். மாட்டுச் சந்தைத் துண்டு சுற்றியிருப்பவர்களிடமிருந்து விலையை மறைக்கிறது. வாங்குகிறவனிடம் அது உடனே விலையைச் சொல்லிவிடுகிறது. கடன்பட்டவனின் மானத்தை அந்தத் துண்டு காப்பாற்றுகிறது என்றுகூடச் சொல்லலாம். 'விலை நேரில்' என்ற பலகை மறைப்பது வாங்குகிறவனிடமிருந்தே. அவன் வந்து, நின்று, தன்னைக் காட்டிக்கொண்ட பிறகுதான் விலை பிறக்கிறது. முதலில் அவனை எடை போடுகிறார்கள். பிறகு பொருளுக்கு விலை போடுகிறார்கள்.

இதை நான் எங்கோ படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நானே செய்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் வழியில் வந்த மனையில் ஒரு பாதியை விற்க வேண்டியிருந்தது. ரெட்டியார்பாளையத்திலேயே, உள்தெருவில், நான் குடியிருக்கும் வீட்டுக்கு அடுத்தாற்போல் இருக்கும் மனை. நானும் ஒரு தகரப் பலகை வைத்தேன். நானும் 'விலை நேரில்' என்றே எழுதினேன். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பலகை என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று கை தானாக எழுதிற்று.

முதலில் காரில் ஒருவர் வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் 'சொல்தா' என்போமே, அவர்களில் ஒருவர். காரைப் பார்த்தேன்; நாற்பத்தைந்து லட்சம் என்றேன். பிறகு ஓர் ஆசிரியர் வந்தார். என் புத்தகம் ஒன்றைப் படித்திருப்பதாகச் சொன்னார். நாற்பத்திரண்டு என்றேன். இரண்டு விலை சொன்னதில் எனக்குக் கூச்சம் ஏற்படவில்லை; இருக்கிறவரிடம் கூடுதலாகவும் இல்லாதவரிடம் குறைவாகவும் கேட்டது ஒரு வகையில் நியாயம் என்றே நினைத்துக்கொண்டேன். நம்மை நாமே மெச்சிக்கொள்வதற்கு எவ்வளவு எளிதாகக் காரணங்கள் கிடைத்துவிடுகின்றன!

மூன்றாவதாக ஓர் இளம் தம்பதி வந்தார்கள். பஸ்ஸில் வந்து, இந்திரா காந்தி சிலையண்டை இறங்கி, வெயிலில் நடந்து வந்திருந்தார்கள். அந்தப் பெண் மருத்துவமனையில் நர்ஸ். கணவர் மின்சார வேலை செய்கிறவர். இருவருக்கும் வங்கிக் கடன் கிடைக்கும் என்று காகிதங்கள்கூடக் கொண்டுவந்திருந்தார்கள். மனையைச் சுற்றிப் பார்த்தார்கள். அந்தப் பெண் கிணற்றடி வேப்பமரத்தைக் காட்டிக் கணவரிடம் ஏதோ சொன்னாள். என் பக்கத்தில் அடுத்த வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். நான் அவர்களை ஊர் கேட்டேன். ஊரைச் சொன்னார்கள். அதில் எந்தத் தெரு என்று கேட்டேன்.

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்பது நம் நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கணவர் தயங்காமல் பதில் சொன்னார். அடுத்த வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. "ஐம்பத்தைந்து" என்றேன்.

அவர்கள் பேரம் பேசவில்லை. "சரிங்க ஐயா" என்று கணவர் காகிதங்களைப் பைக்குள் வைத்தார். அந்தப் பெண் மட்டும் வாசற்படியில் நின்று, கோபம் சிறிதும் இல்லாத குரலில், "போர்டுலயே விலையைப் போட்டிருந்தா நாங்க இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டோங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர்களிடம் நான் 'இல்லை' என்று சொல்லவில்லை. 'உங்களுக்கு விற்கமாட்டேன்' என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்ல என் வாய் வராது. நான் அப்படிப்பட்டவன் அல்ல என்று மேடையிலும் பேசியிருக்கிறேன், கதையிலும் எழுதியிருக்கிறேன். நான் ஓர் எண்ணைத்தான் சொன்னேன். எண்ணுக்கு ஜாதி கிடையாது. யாரும் என்மேல் குற்றம் சொல்ல முடியாது. என் பொருளுக்கு நான் வைக்கும் விலை! என் நெஞ்சில் இருந்ததைச் சொல்லாமல் சொல்லிவிட அந்தப் பலகை எனக்கு வழி செய்து கொடுத்தது. பலகையில் நாற்பத்திரண்டு என்று எழுதியிருந்தால் நான் என்ன செய்திருக்க முடியும்? ஒன்று, விற்றிருக்க வேண்டும். அல்லது, மாட்டேன் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லி, நான் யார் என்பதை நானே கேட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் தப்பித்தேன்.

மனை பிறகு அந்த ஆசிரியருக்கே போயிற்று. நாற்பத்திரண்டுக்குத்தான்.

என் தோழர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கேட்கிறவன் யார் என்று தெரியாமல் எப்படி விலை சொல்வது? அவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். அவர் படகில் எட்டு ஆண்டுகள் கூலிக்கு வந்த இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்டால் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. முன்பணம் கொடுத்து மீனை அடிமாட்டு விலைக்கு எடுத்த வியாபாரி கேட்டால் குறைக்கக் கூடாது. ஆள் பார்த்து விலை சொல்வதில் அன்பும் இருக்கிறது என்று அவர் வாதாடினார். விலைச் சீட்டுத் தொங்கும் கடையில் அந்த அன்புக்கு இடம் ஏது? அங்கே எல்லோரும் வெறும் பணப்பைகள்தாமே?

இந்த வாதத்தை நான் லேசாகத் தள்ளிவிடவில்லை. பல நாள் யோசித்தேன். முகம் பார்த்து விலை சொன்ன உலகத்தில் இரக்கம் இருந்தது என்பது உண்மைதான். குபேர் அங்காடியில் மீன் விற்கும் அம்மாள், பிள்ளைத்தாய்ச்சி வந்து கேட்டால் நூறு ரூபாய் மீனை எண்பதுக்குக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரக்கம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை.

ஆனால் யோசிக்க யோசிக்க ஒன்று தெளிவாயிற்று. எழுதிய விலையைக் குறைக்கலாம். எழுதிய விலையைக் கூட்ட முடியாது. மூன்றரை லட்சம் என்று ஊரறிய எழுதி வைத்துவிட்டு, அந்தச் சகோதரர்களுக்கு மூன்றுக்குக் கொடுத்தால் யார் தடுக்கப் போகிறார்கள்? ஊர் மெச்சும். அன்புக்கு மறைவு தேவையே இல்லை. மறைவு எதற்குத் தேவைப்படுகிறது? கூட்டுவதற்குத் தேவைப்படுகிறது. காரைப் பார்த்துக் கூட்ட, அவசரத்தைப் பார்த்துக் கூட்ட, தெருவின் பெயரைக் கேட்டுக் கூட்ட. விலையை மறைத்து வைப்பவன் தனக்கென்று வைத்துக்கொள்ளும் ஒரே உரிமை, வருகிறவனுக்கு ஏற்றபடி அதை உயர்த்தும் உரிமைதான். இரக்கத்துக்காக மறைக்கிறேன் என்று நாம் சொல்லிக்கொள்வது, வெளிச்சத்திலேயே செய்யக்கூடிய தர்மத்துக்கு இருட்டு வேண்டும் என்று கேட்பதைப் போன்றது.

எழுதிய விலை குளிர்ந்தது, முகம் இல்லாதது. நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முகம் இல்லாததனாலேயே அது எல்லா முகங்களையும் சமமாகப் பார்க்கிறது. 'இவ்வளவு வைத்திருக்கும் எவரும் உள்ளே வரலாம்' என்று அது சொல்கிறது. தெருவின் பெயரைச் சொல்லிப் பழக்கப்பட்டு நொந்துபோன ஒருவனுக்கு அந்தக் குளிர்ச்சி எவ்வளவு பெரிய மரியாதை என்பதை, அப்படிப்பட்ட கேள்வியை வாழ்நாளில் எதிர்கொள்ளாத நானும் நீங்களும் எளிதில் உணரமாட்டோம்.

அந்த மரியாதைக்கு ஒரு செலவு உண்டு. என் தோழர் சொன்ன முதல் காரணம் பொய்யல்ல. எழுதிய விலை உச்சவரம்பாகத்தான் ஆகிறது. சில ஆயிரங்கள், மனையானால் சில லட்சங்கள் கையை விட்டுப் போகலாம். அவ்வளவு கொடுத்து ஒருவன் தன் நேர்மையை வாங்க வேண்டுமா என்பது அவனவன் தீர்மானிக்க வேண்டியது. இலவசமாகக் கிடைக்கும் என்று மட்டும் நான் யாருக்கும் உறுதி சொல்லமாட்டேன்.

இவ்வளவையும் என் தோழரிடம் சொன்னேன். மனை விற்ற கதையையும் மறைக்காமல் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வியாபாரி பாக்கற மாதிரி எழுத என்னால முடியாது. கடன் இருக்கு. ஆனா ஒண்ணு செய்யலாம்" என்றார். ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்றரை லட்சம் என்று என்னையே எழுதச் சொன்னார். தேதி போடச் சொன்னார். மடித்து என் கையில் கொடுத்தார். "இது உன் பொட்டியில இருக்கட்டும். யார் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன். மாத்திச் சொன்னேன்னு காதுல விழுந்தா, இந்தக் காயிதத்தோட வீட்டுக்கு வா."

அது மாட்டுச் சந்தைத் துண்டு. பலகையின் மறைவு அல்ல. அவர் ஊரிடமிருந்து மறைத்தார். வாங்க வந்தவர்களிடமிருந்து மறைக்கவில்லை. வியாபாரிக்கும் மூன்றரை சொன்னார். கடலூரிலிருந்து வந்த ஒருவருக்கும் மூன்றரை சொன்னார். அந்தச் சகோதரர்கள் வந்தபோதும் முதலில் மூன்றரைதான் சொன்னார். பிறகு, நாலு பேர் பார்க்க முப்பதாயிரத்தைக் குறைத்து அவர்களுக்கே கொடுத்தார். குறைத்ததை அவர் யாரிடமும் ஒளிக்கவில்லை. காகிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போகும் அவசியம் எனக்கு நேரவில்லை.

என் மனையில் மீதி ஒரு துண்டு இருக்கிறது. அதில் வைத்த பலகையில் இம்முறை விலையை எழுதினேன். தரகர்கள் வந்து சிரித்தார்கள். "போர்டுல விலை போட்டா அதுக்குக் கீழதான் கேப்பாங்க ஐயா" என்றார்கள். அவர்கள் சொன்னபடியே கீழேதான் கேட்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் முன்போல் மாலையில் வந்து உட்காருவதில்லை. மனை இன்னும் விலைபோகவில்லை. அந்த நர்ஸ் பெண்ணும் அவள் கணவரும் வேறு எங்கேனும் வீடு கட்டியிருப்பார்கள். அவர்களுக்காக இந்தப் பலகை என்று நான் பெருமை பேசிக்கொள்ள முடியாது. காலம் கடந்துவிட்டது.

சென்ற மழையில் எழுத்து மங்கிவிட்டது. போன வாரம் பெயிண்டரைக் கூப்பிட்டு மறுபடி எழுதச் சொன்னேன். டப்பாவைத் திறந்துகொண்டே, "எழுதறதுதான் எழுதறோம், கொஞ்சம் ஏத்திப் போட்டுடட்டுங்களா?" என்று கேட்டான்.

"வேண்டாம் தம்பி, அதே எண்ணே இருக்கட்டும். ஆனால் பெரிதாக எழுது. தெருமுனையிலிருந்தே தெரிய வேண்டும்" என்றேன்.